நீலக் கிமோனோவின் வலது கை

முதலில் மின்விசிறியை நிறுத்துவாள். சுவரில் இருக்கும் பொத்தானைத் தட்டிவிட்டு, இறக்கைகள் மூன்றும் தனித்தனியாகத் தெரிகிற வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அது முழுக்க நின்ற பிறகுதான் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, பையிலிருந்து அங்கியை எடுப்பாள். விரித்துப் பார்ப்பதில்லை. எங்கே கிழிந்திருக்கிறது என்று கேட்பதுமில்லை. வலது கையால் அதன் கழுத்துப் பட்டையைப் பிடிப்பாள். இடது கையால், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, அங்கியின் வலது கையைப் பிடிப்பாள். எதிரே ஓர் ஆள் நின்றால் எவ்வளவு தூரம் இருக்குமோ அவ்வளவு தூரத்துக்குக் கைகளை நீட்டி, கால்களைச் சற்றே அகட்டி, கண்ணைப் பாதி மூடிக்கொள்வாள். கெட்டித் துணி. உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் தோள் சரியாமல் நிற்கும்.

அரை நிமிஷம் போகும். பிறகு சொல்வாள்: "இடது கைக்காரி ஒருத்தி பிடிச்சிருக்கா. கட்டை விரல் நகம் வெட்டாதவ. மூணு தடவ நல்லா பிடிச்சா. நாலாவது தடவ பயந்துட்டா."

சொல்லிவிட்டு விசிறியைப் போட்டுவிட்டு, சாதாரணமாக, "நாளைக்குச் சாயங்காலம் வா" என்பாள்.

ஜஹபர் நிஷாவுக்கு நாற்பத்தாறு வயது. நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், மாவு மில்லுக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் எட்டுக்குப் பத்து அறை. பலகையில் 'லேடீஸ் டைலர்' என்றும், கீழே சின்ன எழுத்தில் 'ஃபால்ஸ், ஓவர்லாக்' என்றும் இருக்கிறது. ஜூடோ என்று எங்கேயும் இல்லை. ஆனாலும் உப்பளம் பக்கத்துத் தகரக் கூரைக் கூடத்தில் ஜூடோ பழகும் பிள்ளைகள் அத்தனை பேருடைய அங்கியும் வருஷத்துக்கு ஒரு முறையாவது இந்த அறைக்கு வந்துபோகும். அங்கிக்கு இங்கே பெயர் கிமோனோ. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஒரு சொல்தா வீட்டார் அப்படிச் சொன்னார்கள். அவர்கள் வீட்டுப் பையனின் கிழிந்த அங்கியைத்தான், பதினான்கு வருஷத்துக்கு முன், நிஷா முதன்முதலாகத் தைத்தாள். அந்தக் குடும்பம் பிரான்சுக்குப் போய்விட்டது. சொல் மட்டும் நெல்லித்தோப்பில் தங்கிவிட்டது.

அவளுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. சுடிதாரும் பிளவுசும் ஆணியில் வரிசையாகத் தொங்கும். கிமோனோவை மட்டும் தொங்கவிட மாட்டாள். மடித்துத்தான் வைப்பாள். ஏன் என்று கேட்டால், "தொங்கவிட்டா யாராவது போட்டுக்குவாங்க" என்பாள். யார் என்று கேட்டவர்கள் இல்லை. புதுக் கிமோனோவின் கை நீளமாக இருந்தால் மற்ற டைலர்கள் முனையில் வெட்டி மடித்துவிடுவார்கள். நிஷா அப்படிச் செய்வதில்லை. முனையில் கம்பெனி மடிப்பு கலைந்தால் மேடைக்குப் போகும் முன் அளவு பார்க்கிறவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று, தோளில் பிரித்து, கையையே கழற்றி, மேலே ஏற்றி, மூன்று ஓட்டுத் தைப்பாள். ஜீன்ஸ் நூல், தடித்த ஊசி. தைத்த இடத்தைக் காலில் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பாள்.

"என் தையல் பிரிஞ்சு வந்த கிமோனோ ஒண்ணே ஒண்ணு காட்டு. இந்த மிஷினத் தூக்கிட்டுப் போயி கடல்ல போட்டுடறேன்." இது அவள் அடிக்கடி சொல்வது. கூடத்துப் பிள்ளைகள் அவளைப் போலவே சொல்லிக் காட்டுவார்கள்.

ஜூடோ ஆட்டத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பிள்ளைகள் போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "உள்ள ஆள் இருந்தா எனக்கு ஒண்ணும் தெரியாதுடா. எடுத்துட்டுப் போ."

கூடத்தின் பயிற்சியாளர் கோபிநாத்துக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "துணி எங்க தேயுது, நூல் எங்க இழுத்துருக்குன்னு பாத்துச் சொல்றாங்க. எங்க தாத்தா டயரப் பாத்தே லாரி டிரைவர் குணத்த சொல்லுவாரு. அதுக்கு இன்னா, அவரு சித்தரா?" என்பார். ஆனாலும் போட்டிக்குப் போகும் பிள்ளையின் அங்கியை வேறு டைலரிடம் கொடுக்க அவருக்கும் மனம் வராது.

வீராம்பட்டினத்துப் பூர்ணிமாவுக்கு நிஷாவைப் பத்து வருஷமாகத் தெரியும். அம்மா அமிர்தவல்லி நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். மகளின் கிமோனோவைக் கூடையின் ஓரத்தில் பாலித்தீன் பையில் வைத்துக்கொண்டுவந்து கொடுப்பாள். "மீன் நாத்தம் போவலக்கா" என்று நிஷா மூக்கைச் சுளிப்பாள். "இருக்கட்டும். எதிர்ல நிக்கிறவ பக்கத்துல வரமாட்டா" என்பாள் அமிர்தவல்லி. இருவரும் சிரிப்பார்கள்.

பூர்ணிமா ஐம்பத்திரண்டு கிலோப் பிரிவு. இந்த வருஷம் ஆசியச் சாம்பியன்ஷிப்புக்குப் போகும் இந்திய அணியில் அவள் பெயர் இருந்தது. பேப்பரில் படம் வந்தது. அரசு வேலைக்கு அவள் போட்டிருந்த மனுவோடு ஒரு பதக்கச் சான்றிதழை இணைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த வருஷம் வயது வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே இந்த ஏப்ரலை விட்டால் இன்னொரு ஏப்ரல் கிடையாது.

பிப்ரவரியில் ஒரு நாள் பயிற்சியில் கீழே விழுந்தபோது அவள் வலது தோளுக்குள் ஏதோ 'டப்' என்றது. வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. எழுந்து, சிரித்து, அடுத்த சுற்றையும் ஆடி முடித்தாள். வீட்டில் சுளுக்கு என்று சொன்னாள். அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள். கோபிநாத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த மணி நேரத்தில் டெல்லிக்குப் போன் போகும். அடுத்த நாள் அவள் இடத்தில் வேறொரு பெயர் இருக்கும்.

மார்ச்சில் பழைய கிமோனோவைத் தைக்கக் கொடுக்க அவளே போயிருந்தாள். நிஷா விசிறியை நிறுத்தினாள். பிடித்தாள். நின்றாள். வழக்கமான அரை நிமிஷம் போய், ஒரு நிமிஷமும் போனது.

"பாப்பா, உன் வலது கை எங்க?"

"இங்கதான இருக்கு." பூர்ணிமா கையை ஆட்டிக் காட்டினாள். இடுப்பு உயரத்துக்குத்தான் ஆட்டினாள்.

"மேல தூக்கு."

"வேற வேல இல்லையாக்கா உனக்கு."

"ஒரு மாசமா இந்தக் கை மேல ஏறவே இல்ல. கக்கத்துல ஒரு பக்கம் உப்புப் பூத்துக் கெடக்கு, இன்னொரு பக்கம் புதுசாட்டம் இருக்கு." நிஷா அங்கியை மேசையில் போட்டாள். "கோபி மாஸ்டருக்குத் தெரியுமா?"

பூர்ணிமா கடைவாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, சொல்லிடாதக்கா. உன் காலப் பிடிச்சிக்கிறேன். ஒரே ஒரு போட்டிதான். வந்ததும் நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"கை போயிடும்டீ."

"வேல போயிடும்க்கா."

நிஷா நூல்கண்டை எடுத்து, முனையைத் தேடி, மறுபடியும் வைத்தாள். கடைசியில், "அல்லா மேல சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போ" என்றாள். சத்தியம் செய்துகொடுத்துவிட்டோமே என்கிற எரிச்சல் குரலில் இருந்தது. அன்றைக்கு அவள் பூர்ணிமாவுக்கு டீ வாங்கித் தரவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் புதுக் கிமோனோக்கள் இரண்டு வந்தன. சர்வதேசப் போட்டிக்கு வெள்ளையில் ஒன்று, நீலத்தில் ஒன்று வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் முதலில் பெயர் வருகிறவர் வெள்ளை, அடுத்தவர் நீலம். யார் முதல், யார் அடுத்து என்பது போட்டிக்கு முந்தின நாள் குலுக்கலில்தான் தெரியும். அதனால் இரண்டையும் எடுத்துக்கொண்டு போவார்கள். கம்பெனி அளவில் கை எப்போதும் அவளுக்கு நீளம்தான். பூர்ணிமா பார்சலைப் பிரிக்காமலே நிஷாவிடம் கொண்டுவந்தாள். கத்தரியால் கவரை வெட்டியது நிஷாதான்.

வெள்ளையைப் பிடித்தாள். "ஒண்ணும் இல்ல. புதுசு" என்று மடித்து வைத்தாள். நீலத்தைப் பிடித்தாள்.

பிடித்தவள் கண்ணைத் திறந்துவிட்டாள். அப்படி அவள் செய்து பூர்ணிமா பார்த்ததில்லை.

"இத யாரு போட்டா?"

"யாரும் போடலக்கா. இப்பத்தான நீயே பிரிச்ச. கவரு உன் காலாண்ட கெடக்குது."

"வலது கைய யாரோ பிடிச்சிருக்காங்க."

"பேக் பண்ணவன் பிடிச்சிருப்பான்." பூர்ணிமா சிரித்தாள்.

நிஷா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அறையில் இன்னொருவர் இருப்பது போல. "பிடிச்சுட்டுப் போனதில்லடீ. பிடிச்சுட்டு இருக்காங்க."

மாவு மில் அந்த நேரம் பார்த்து நின்றது. சந்தில் ஒரு சைக்கிள் மணி. விசிறி இல்லாத அறையில் துணியின் கஞ்சி வாசனை மட்டும் இருந்தது. "நீ பிடி" என்று நிஷா அங்கியை அப்படியே அவள் கைக்கு மாற்றிக் கொடுத்தாள். பூர்ணிமா விளையாட்டாகத்தான் பிடித்தாள். பதினாலாயிரம் தடவை பிடித்த பிடி. வலது கை பட்டையில், இடது கை அந்த நீலக் கையில்.

ஜூடோ ஆடுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். பலமாக இழுக்கப் போகிறவள் அதற்கு ஒரு கணம் முன்னால் பிடியைத் துளி தளர்த்துவாள். எதிராளி அந்தத் தளர்வை நம்பி மூச்சு விடுகிற நேரத்தில் இழுப்பாள். அந்தத் துளித் தளர்வை வாயால் சொல்லித்தர முடியாது. பல வருஷம் விழுந்து விழுந்துதான் தோலுக்குத் தெரியவரும்.

ஆள் இல்லாத அந்தக் கையில் பூர்ணிமாவுக்கு அந்தத் தளர்வு கிடைத்தது.

விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். முதுகு கதவில் இடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு நிஷாவின் கணவர் அன்வருதீன் டீ டம்ளர்களோடு உள்ளே வந்தார். "ஏன் ரெண்டு பேரும் புழுங்கிச் சாவறீங்க?" என்று விசிறியைப் போட்டார். நீலக் கிமோனோ மேசையில் கிடந்தது. காற்றுக்கு அதன் ஓரம் படபடத்தது. வெறும் துணி.

"எப்ப வேணும்?" என்றாள் நிஷா.

"பத்தாம் தேதி டெல்லி போவணும். நாளைக்குத் தர்றியாக்கா?"

"நாலு நாள் ஆவும்."

இரண்டு கையை ஏற்றித் தைக்க நிஷாவுக்கு ஒரு மத்தியானம் போதும். பூர்ணிமா அதைக் கேட்கவில்லை. நான்காம் நாள் வாங்கப் போனபோது இரண்டும் மடித்து, கயிற்றால் கட்டி, முதுகில் பெயர்ப் பட்டையும் தைத்துத் தயாராக இருந்தன. நிஷாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கூலி வாங்கிக்கொள்ளவில்லை. தைத்ததை மிதித்து இழுத்துக் காட்டவும் இல்லை.

போட்டி நடந்த ஊரில் அந்த ஏப்ரலிலும் மலைகளின் மேல் பனி இருந்தது. முதல் சுற்றில் பூர்ணிமாவின் பெயர் முதலில் வந்தது. வெள்ளை. நாற்பது விநாடியில் ஜெயித்தாள். காலிறுதியிலும் வெள்ளை. தோற்றாள். தோற்றவர்களுக்கான மறுவாய்ப்புச் சுற்றிலும் வெள்ளை. ஜெயித்தாள். மீதி இருந்தது வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். பலகையில் அவள் பெயர் இரண்டாவதாக ஏறியது. உடை மாற்றும் அறையில் நீலத்தை எடுத்துக் கயிற்றை அவிழ்த்தபோது அவள் கை கொஞ்சம் நின்றது. பிறகு போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது நிமிஷத்தில் எதிராளியைப் பக்கவாட்டில் வீழ்த்தி அரைப் புள்ளி எடுத்தாள். நேரம் மெதுவாக இறங்கியது. ஐம்பது விநாடி மீதி. கோபிநாத் இங்கே உப்பளத்துக் கூடத்தில், முப்பது பிள்ளைகளோடு, டிவியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "தாங்கு, தாங்கு, தாங்கு" என்று எல்லோரும் கத்தினார்கள். எதிராளி பூர்ணிமாவின் வலது கையை முழங்கைக்குக் கீழே பிடித்தாள்.

துளித் தளர்வு. நெல்லித்தோப்பில் பிடித்த அதே தளர்வு. தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்து என்ன, தோள் கேட்கவில்லை. எதிராளி அந்தக் கையைத் தன் தோளில் வாரிப் போட்டுக்கொண்டு மண்டியிட்டு இறங்கினாள்.

'டர்' என்றது. பூர்ணிமா தன் எலும்பு என்றுதான் நினைத்தாள். அவள் நின்றுகொண்டிருந்தாள். எதிராளி தனியாக உருண்டுபோய், விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, கையில் இருந்த ஒரு முழு நீலக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மாற்று நீல அங்கி தேடி, அணியில் இருந்த கேரளத்துப் பெண்ணிடம் இரவல் வாங்கிப் போட்டு வருவதற்குள் உடம்பு ஆறிவிட்டது. ஆட்டம் தொடங்கிய பதினைந்தாவது விநாடியில் எதிராளி புள்ளியைச் சமன் செய்தாள். கூடுதல் நேரத்தில் பூர்ணிமா தோற்றாள். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஐந்து என்று இருந்தது. வெண்கலம் இரண்டு பேருக்கு. ஐந்தாமிடமும் இரண்டு பேருக்கு. ஐந்தாமிடத்துக்குச் சான்றிதழ் உண்டு, பதக்கம் இல்லை.

அந்தத் துண்டு வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. கை கழன்று வருகிற இடத்தை மட்டும் வெட்டி, சினிமாப் பாட்டு சேர்த்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். மீன் கடைக்காரர்கள் அமிர்தவல்லியிடமே அதைக் காட்டினார்கள். அவள் கூடையை அப்படியே போட்டுவிட்டு, செதில் ஒட்டிய கையோடு பின்சந்துக்குப் போனாள்.

"மிஷினக் கடல்ல போடறன்னியே, எப்பம்மா போடற? எங்க ஆளுங்ககிட்டச் சொல்லி போட்டு வரச் சொல்லட்டா?"

நிஷா எழுந்து நின்றாள்.

"ஒரு கைய ஒழுங்காத் தைக்க வக்கில்ல, பலக என்ன, பவுசு என்ன! எம்பொண்ணு பத்து வருஷம் விழுந்து எழுந்ததெல்லாம் உன் ஒரு தையல்ல போச்சேடி!"

"ஆமாக்கா. என் தப்புதான்."

"தப்புன்னா? வாய்ல சொல்லிட்டா ஆச்சா?"

"என் தப்புதாங்க்கா" என்றாள் மறுபடியும். சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சண்டைக்கு எதிர்ப்பேச்சு வராததால் அமிர்தவல்லிக்கும் மேலே என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைவாசலில் உட்கார்ந்து அழுதாள். நிஷா உள்ளேயிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அமிர்தவல்லி அதைக் குடிக்கவில்லை.

கோபிநாத் சத்தம் போடவில்லை. கூடத்துப் பிள்ளைகளிடம், "இனிமே கிமோனோவ அங்க குடுக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார். பதினான்கு வருஷப் பழக்கத்தை அறுக்க அது போதுமானதாக இருந்தது.

ஊர் திரும்பிய பூர்ணிமாவுக்கு நிஷாவின் மேல் இருந்த கோபம் ஒரு மாதிரியானது. யாரிடமும் சொல்ல முடியாதது. தோள் விஷயத்தை மறைத்தவள் அவள்தானே. சொன்ன சொல்லைக் காப்பாற்ற மே மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்த டாக்டர், "இத வச்சுட்டா ஆசியா வரைக்கும் போன?" என்றார். தோளைப் பிடித்து வைத்திருக்கும் நாரில் முக்கால்வாசி அறுந்திருந்தது. இன்னும் ஒரு பலமான இழுப்பு இழுத்திருந்தால் மீதியும் போயிருக்கும், அப்புறம் தலை வாரக்கூட அந்தக் கை வந்திருக்காது என்றார். இப்போதைக்கு ஆறு மாதம் ஓய்வு, ஆப்பரேஷன் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் எறிந்திருந்த பையை இழுத்தாள். விமானத்திலிருந்து வந்த பிறகு அதைத் திறக்கவே இல்லை. நீலக் கிமோனோவும் கழன்ற கையும் சுருட்டியபடி கிடந்தன. இடது தோளைப் பார்த்தாள். ஜீன்ஸ் நூல், மூன்று ஓட்டு, எறும்பு நுழைய இடமில்லை. வலது தோளைப் பார்த்தாள். ஒரே ஓட்டு. புடவை ஓரத்துக்குப் போடுகிற ஒற்றைப் பருத்தி நூல். ஒவ்வொரு தையலும் அரை விரல் நீளம். அதற்கு மேலே, அளவு பார்க்கிறவர்களின் கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டும், துணியில் ஆழமாக இறங்காத பொய்த்தையல் இரண்டு வரி. அதைத் தைக்கத்தான் நான்கு நாள் ஆகியிருக்கிறது.

வெள்ளையை எடுத்தாள். இரண்டு தோளும் மூன்று ஓட்டு. காலில் மிதித்து இடது கையால் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

குலுக்கல் நடந்தது போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம். இந்த இரண்டு அங்கிகளும் நெல்லித்தோப்பை விட்டுக் கிளம்பி அதற்குள் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் கடைக்குப் போனாள். நிஷா பள்ளிக்கூடச் சீருடைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் சீருடை வேலைதான் அதிகம். பூர்ணிமா நீலத்தையும் அதன் கையையும் மேசையில் வைத்தாள். கேட்க நினைத்திருந்ததெல்லாம் வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது.

நிஷா மிஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே, "துணின்னா நான் தச்சுத் தந்துடுவேன்டீ" என்றாள்.

"எல்லார்கிட்டயும் ஏங்க்கா உன் தப்புன்னு சொன்ன?"

"என் தப்புதான? வேற யாரு தச்சா?" காலரின் முனையைத் திருப்பிக் குத்தினாள். "அம்மா எப்படி இருக்காங்க? பேசுறாங்களா?"

"இன்னும் திட்டிட்டுத்தான் இருக்கு."

"திட்டட்டும். நீ எதும் சொல்லிடாத. உனக்கு இன்னும் வேல வரணும்."

பூர்ணிமா சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து, அம்மாவிடம் மட்டும், பாதியைச் சொன்னாள். அமிர்தவல்லி மறுநாள் விடிந்ததும் ஒரு பெரிய வஞ்சிரத்தைக் கழுவி, இலையில் சுற்றி, நிஷாவின் கடை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். நிஷாவும் மூக்கைச் சுளிக்கவில்லை.

கடைசியில் ஒன்று. இதை அன்வருதீன் பூர்ணிமாவிடம் தற்செயலாகத்தான் சொன்னார், மின் கட்டணம் ஏறிவிட்டதைப் பற்றிப் பேசும்போது. விசிறியை நிறுத்துகிற பழக்கத்தால் வீட்டுக்கு ஒரு லாபமும் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டவர், போட்டி நடந்த சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னார். கடையில் அன்று ஒரு கிமோனோவும் இல்லை. அங்கே போட்டி நடப்பது நிஷாவுக்குத் தெரியும். எத்தனை மணிக்கு என்று தெரியாது. அவளும் யாரையும் கேட்கவில்லை. அவர் டீயை வைத்துவிட்டு உட்கார்ந்தார். தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து விசிறியை நிறுத்தினாள். கையைக் கழுவித் துடைத்தாள். சுவரைப் பார்த்து நின்று, வெறும் காற்றில் இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தாள்.

"இன்னா பண்றன்னு கேட்டேன். முழங்கை வரைக்கும் நரம்பு பொடச்சு நிக்குது. நெத்தியில வேர்வை சொட்டுது. எனக்குப் புழுக்கம் தாங்கல, எப்பத்தான் போடுவான்னு கடிகாரத்தையே பாத்துட்டிருந்தேன். அஞ்சே முக்கால் ஆவுது. அப்ப விட்டா."

போட்டி நடந்த ஊரின் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி பின்னால்; அங்கே அப்போது மணி ஐந்தே கால். வெண்கல ஆட்டத்தின் நேரம் முடிவுப் பட்டியலில் அச்சாகியிருக்கிறது.

"ரெண்டு கையையுமா விட்டாங்க?"

அன்வருதீன் யோசித்தார். எழுந்து நின்று, மனைவி நின்ற மாதிரியே தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். பிறகு இடது கையின் விரல்களை மட்டும், ஒவ்வொன்றாக, விரித்தார்.

"இத மட்டுந்தான். பட்டையப் பிடிக்கிற வலது கைய விசிறி போட்டப்புறமும் ரொம்ப நேரம் விடல."